எட்டாவது ஹேர்பின்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சித்தப்பாவுக்கு,

கடிதம் எழுதுவதற்காக முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கையில் போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் "சித்தப்பா" என்று தொடங்கினால் மீதியை நீங்கள்தான் பேசுகிறீர்கள். போன வாரம் இருபது நிமிடம் பேசினோம். அதில் என் பங்கு நான்கு "ஆமா", மூன்று "சரி", ஒரு "வெச்சுடறேன்". காகிதம் குறுக்கே பேசாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இது. உங்கள் டெப்போவுக்கு வரும் காலை வண்டியின் டிரைவர் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன். நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. உடம்பு நலம்தான். சித்திக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், தம்பி கணக்குப் பரீட்சையை ஒருவழியாக எழுதி முடித்திருப்பான் என்றும் நினைக்கிறேன். மற்றபடி, வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்மேல் விசாரணை. வேலை நிலைக்குமா, போகுமா என்று அன்று தெரிந்துவிடும். பயிற்சிக் காலம் முடிய இருபத்தாறு நாள்தான் பாக்கி, சித்தப்பா.

அம்மா உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். "தம்பி, நம்ம பொண்ணு தலையில குத்தற ஊசியால கப்பலையே நிறுத்திட்டாளாம்." அதில் பொய் இல்லை. முழுவதும் அதில் இல்லை, அவ்வளவுதான். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் கப்பலில் இருப்பது டர்பைன் என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னேன். "ஏரோப்ளேன் இன்ஜினைக் கப்பல்ல போட்டா அது நீந்துமா பறக்குமா?" என்று நீங்கள் கேட்டீர்கள். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அன்று சொல்ல நினைத்த பதிலை இப்போது எழுதுகிறேன். நீந்தும். ஆனால் ஓடிக்கொண்டே நீந்தும். உங்கள் பஸ்ஸின் டீசல் இன்ஜின் நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி. எழுப்பி, சூடாக்கி, இருமவிட்டு, அப்புறம்தான் எழுந்து நடக்கும். டர்பைன் அப்படி இல்லை. பட்டனைத் தட்டிய இரண்டு மூன்று நிமிடத்தில் முழு வேகத்துக்குத் தயார். அதே பலமுள்ள டீசல் இன்ஜினோடு ஒப்பிட்டால் எடையும் கொஞ்சம்தான். எண்ணெயை மட்டும் கல்யாண வீட்டில் தண்ணீர் செலவாவது போலக் குடிக்கும். அக்கரைக்கு ஐம்பது நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று எங்கள் கம்பெனி விளம்பரம் செய்துவிட்டதால், குடித்தால் குடிக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு இன்னொரு பசியும் உண்டு. காற்று. நம் வீட்டுக் கூடம் கொள்ளும் காற்றை ஒரே நொடியில் உள்ளே இழுத்துவிடும். இழுத்த காற்றை அமுக்க வரிசை வரிசையாகத் தகடுகள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் மீன் செதில் போல மெல்லியது. அந்தக் காற்றோடு ஒரு சின்ன ஆணி போனாலும் முதல் தகடு உடையும், உடைந்தது அடுத்ததை உடைக்கும், அது அதற்கடுத்ததை. சொந்தக்காரர்களுக்குள் சண்டை பரவுவது மாதிரி. கடைசியில் யார் தொடங்கியது என்றே தெரியாது. இன்ஜின் மட்டும் போயிருக்கும்.

கடல் காற்றில் உப்பு வருவதால் வாரம் ஒருமுறை அந்தத் தகடுகளைக் கழுவுகிறோம். கழுவிய பிறகு ஒருவர் காற்று உள்ளே போகும் அறைக்குள் தவழ்ந்து போய், தண்ணீர் தேங்கியிருக்கிறதா, ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுழையும் வாசல் அடுப்பங்கரை ஜன்னல் அளவுதான். இன்ஜின் அறையில் இருக்கும் நான்கு ஆண்களில் மூன்று பேருக்குத் தோள் நுழையாது, நான்காமவருக்கு வயிறு நுழையாது. நான் சேர்ந்த முதல் வாரமே எனக்கு 'பென்சில்' என்று பெயர் வைத்து உள்ளே அனுப்பிவிட்டார்கள். படிப்பைப் பார்த்து எடுத்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, சித்தப்பா, அதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே போகுமுன் ஒரு சடங்கு உண்டு. கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். மொத்தம் பதின்மூன்று வரி. கைக்கடிகாரம், மோதிரம், பேனா, சாவி, சில்லறை, மூக்குக் கண்ணாடி, பெல்ட் பக்கிள் என்று போகும். ஒவ்வொன்றையும் கழற்றித் தட்டில் வைக்க வேண்டும். செகண்ட் இன்ஜினியர் எண்ணி எழுதுவார். வெளியே வந்ததும் திரும்ப எண்ணுவார். வாசலில் தலையை நீட்டுபவருக்கும் இதே விதிதான். எழுதியவர் யாரோ ஆண்பிள்ளை என்பது முதல் நாளே தெரிந்தது. ஏனென்றால் அதில் ஹேர்பின் இல்லை. பின்னல் தொங்கினால் இயந்திரத்தில் மாட்டும் என்று என்னைக் கொண்டை போடச் சொன்னவர்களே அவர்கள்தான். என் முடிக்குக் கொண்டை நிற்க எட்டு ஹேர்பின் வேண்டும். செகண்ட் இன்ஜினியர் ஒவ்வொரு முறையும் பட்டியலைப் படித்து முடித்துவிட்டு, "வேற ஏதாவது?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் நான் இல்லை என்று தலையாட்டிவிடுவேன். நான்கு ஆண்கள் சுற்றி நிற்கும்போது, தலையில் கைவைத்து ஒன்று, இரண்டு என்று எட்டு வரை பிடுங்கி வைக்க எனக்குக் கை வரவில்லை. தப்பு என்னுடையதுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அப்படித்தான் உள்ளே இருந்தேன். இன்ஜினின் வாயில் ஒரு கம்பி வலை உண்டு. அதை நகர்த்திவிட்டு அதற்கும் பின்னால் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். கேப்டன் மேலிருந்து போனில் அவசரப்படுத்தியிருக்கிறார். வயிறு நுழையாத அந்த நான்காமவர், எங்கள் சீஃப் இன்ஜினியர், வாசலில் தலையையும் தோளையும் நுழைத்து என் தலைக்கு மேலேயே, "போதும்மா! பயணி எல்லாம் ஏறியாச்சு! வெளிய வா!" என்று கத்தினார். நல்ல மனுஷன், சித்தப்பா. முப்பத்தெட்டு வருட சர்வீஸ், இன்னும் ஆறு மாதத்தில் ஓய்வு. என்னை ஒருநாளும் பென்சில் என்று கூப்பிட்டதில்லை. அவர் கத்தி முடித்த அதே நேரத்தில் வலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். இரும்பில் ஏதோ விழுந்த சத்தம். திரும்பிப் பார்க்க இடமில்லை. அவசரத்தில் வலையைப் பொருத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். செகண்ட் இன்ஜினியர் தட்டைக் காட்டி எண்ணினார். எல்லாம் சரி. சீஃபிடமும் கேட்டார்: "சார், உங்களுது எல்லாம் சரியா?" சீஃப் "ம்ம்" என்றார். கதவைப் பூட்டினார்கள்.

படியேறும்போது கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று. எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழு. அந்த 'டிக்' காதிலேயே இருந்தது. எட்டாவது ஹேர்பின் உள்ளே கிடக்கிறது என்று உறுதியாகிவிட்டது.

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினேன். "சார், நிறுத்துங்க" என்றேன். எல்லோர் காதிலும் சத்தம் தடுக்கும் கவசம். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். என் கொஞ்சம் சத்தம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். நம் வீட்டில் நான் தண்ணீர் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் அடுத்தவரிடம், "அவ ஏதோ சொல்றா" என்பார். செகண்ட் இன்ஜினியர் என்னைப் பார்த்துச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் மரியாதைக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டேன். ஏன் காட்டினேன் என்று இன்றுவரை புரியவில்லை. அவர் அதைத் தயார் என்று எடுத்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டார். இன்ஜின் மெதுவாகச் சுழன்று முனகத் தொடங்கியது. அப்போதுதான் சீஃபைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தார். இன்னொரு கை அவசர நிறுத்தப் பட்டனுக்கு நாலு அங்குலம் தள்ளித் தயங்கி நின்றது. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. நான் பாய்ந்து அந்தச் சிவப்புப் பட்டனைக் குத்தினேன். பிறந்ததிலிருந்து நான் செய்த சத்தமான காரியம் அதுதான்.

முனகல் இறங்கி நின்றது. அறை முழுக்க அமைதி. எல்லோரும் கவசத்தைக் கழற்றினார்கள். "என்னாச்சு?" என்றார் செகண்ட் இன்ஜினியர். "உள்ள ஹேர்பின் விழுந்துடுச்சு சார்" என்றேன். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. "என்ன பின்னு?" "ஹேர்பின்." "லிஸ்ட்ல இல்லையே?" "ஆமா சார், இல்ல." "நான்தான் வேற ஏதாவதுன்னு கேட்டேனேம்மா!" "கேட்டீங்க சார்." அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மேலே முந்நூற்றுப் பன்னிரண்டு பயணிகள். கேப்டன் ஒலிபெருக்கியில், "சிறிய தொழில்நுட்பக் காரணத்தால்" என்றார். கப்பல் பணியாளர் ஒருவர், "ஏதோ கொண்டை ஊசியாம்" என்று ஒரு பயணியிடம் சொல்ல, பத்து நிமிடத்தில் கப்பல் முழுக்க அது கொண்டையாகிவிட்டது. ஒரு பெரியவர் படியிறங்கி வந்து, "யாரோ பெண்ணோட தலைமுடி மாட்டிக்கிச்சாமே, உயிர் இருக்கா?" என்று என்னிடமே விசாரித்தார். இருக்கிறது என்றேன்.

மறுபடி உள்ளே போனேன். இந்த முறை மீதி ஏழையும் எல்லோர் முன்னாலும் பிடுங்கித் தட்டில் வைத்தேன். வெட்கம் ஒன்றும் வரவில்லை. அதுவும் நின்றுபோன இன்ஜினோடு நின்றுவிட்டது போல. வலையை நகர்த்தி, டார்ச்சைப் பின்பக்கம் அடித்தேன். ஹேர்பின் இல்லை. அடித்தட்டின் மூலையில், சித்தப்பா, மூன்று பற்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

பயந்து தலையை இடித்துக்கொண்டேன். பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். இளஞ்சிவப்புத் தகட்டில் பதித்த பொய்ப்பற்கள். கம்பிக் கொக்கி இருபுறமும். சட்டென்று எல்லாம் கூடி வந்தது. வாசலில் கத்திய கத்தல். 'டிக்'. அதற்குப் பிறகு சீஃப் ஒரு வார்த்தை பேசவில்லை, "ம்ம்" மட்டும்தான். வாயைப் பொத்திய கை. பட்டனருகே தயங்கிய கை. அவருக்குப் பொய்ப்பல் என்று கப்பலில் ஒருவருக்கும் தெரியாது. பட்டியலில் அதுவும் இல்லை. அவரும் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, எப்படியாவது தனியாகத் திரும்பிப் போய் எடுத்துவிடலாம் என்று தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குள் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒரே அறையில் இரண்டு பேர் வாயைத் திறக்காமல் நின்றோம். நான் வழக்கப்படி, அவர் திறக்க முடியாமல்.

கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சீஃப்தான் வாசலில் கைகொடுத்துத் தூக்கினார். கொடுத்த கையில் சுருளை வைத்தேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு விறுவிறு என்று போய், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, "ஊசி கெடைச்சுதா?" என்று தெளிவாகக் கேட்டார். பல் விழுந்த பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம். "கெடைக்கல சார்" என்றேன். செகண்ட் இன்ஜினியர் நோட்டோடு நின்றிருந்தார். "வேற ஏதாவது?" என்றார். நான் சீஃபைப் பார்த்தேன். சீஃப் கூரையைப் பார்த்தார். நான் தலையாட்டிவிட்டேன். 'வேறு பொருள் எதுவும் இல்லை' என்று அவர் எழுதிக்கொண்டார்.

ஊசி கிடைக்காததால் தேடல் நிற்கவில்லை. பாம்பு போல வளையும் கேமராவை இன்ஜினுக்குள் விட்டு, தகடு தகடாகப் பார்த்தார்கள். இரண்டரை மணி நேரம். எல்லாத் தகடும் முழுசாக இருந்தன. கடைசியில் கேப்டனே இறங்கி வந்துவிட்டார். "நீதானா அது? என்னம்மா நடந்துச்சு, சொல்லு" என்றார். நான் பதில் சொல்லத் தலையைக் குனிந்தேன். குனிந்ததும் சட்டைக் காலருக்குள்ளிருந்து அந்த எட்டாவது ஹேர்பின் நழுவி, அவருடைய பளபளப்பான ஷூமேல் விழுந்தது.

கேப்டன் அதைக் குனிந்து எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதுவா?" என்றார். "இதுதான் சார்." "இதுக்காகவா மூணு மணி நேரம்?" சீஃப் இருமினார், அவ்வளவுதான்.

அறிக்கையில் இப்படி இருக்கிறது: பயிற்சிப் பொறியாளரின் தலைக் கொண்டையிலேயே இருந்த ஊசிக்காக அவசர நிறுத்தம் செய்யப்பட்டது, மூன்று மணி நேரத் தாமதம், அந்நியப் பொருள் எதுவும் கண்டெடுக்கப்படவில்லை. கொண்டையில் இல்லை, காலரில் இருந்தது. அந்தத் திருத்தம் எனக்கு உதவாது. உதவும் திருத்தம் ஒன்றுதான் இருக்கிறது. அந்த மூன்று பல் உள்ளே போயிருந்தால் இன்ஜின் போயிருக்கும். நான் தப்பான காரணத்துக்குச் சரியான பட்டனை அழுத்தியிருக்கிறேன். அதைச் சொன்னால் என் வேலை நிலைக்கும். ஆறு மாதத்தில் மாலை மரியாதையோடு போக வேண்டிய மனுஷன் பல்லோடு பெயரும் இழந்து போவார். சொல்லாவிட்டால் நான் போவேன்.

வெள்ளிக்கிழமை சீஃப் புதுப் பட்டியல் ஒட்டியிருக்கிறார். அவர் கையெழுத்து. பதினான்காவது வரி ஹேர்பின். அதற்குக் கீழே பதினைந்து என்று எண் போட்டிருக்கிறார். எதிரே ஒன்றும் எழுதவில்லை. பேனாவை அழுத்தி வைத்து எடுத்த புள்ளி மட்டும் இருக்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பின்னால் வந்து நின்றார். "திங்கக்கிழமை உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க" என்றார். "ஆமா சார்." "பயமா இருக்கா?" "இருக்கு சார்." "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்படியிருக்க, நீங்கள் ஞாயிறு இரவு வண்டிக்கே கிளம்பி வருகிறீர்கள் என்று அம்மா சொன்னார்கள். "உன் சித்தப்பா வந்து பேசிக்குவாரு, நீ வாயத் தொறக்காத" என்றார்கள். எனக்கு எவ்வளவு தெம்பு என்று எழுதித் தீராது. நம் வீட்டுக்கே ஒரு குரல்தான், அது உங்களுடையது. பள்ளிக்கூடத்தில் என் பெயரைச் சொன்னதும் நீங்கள்தான். கல்லூரியில், "யார் படிக்கப் போறது?" என்று கேட்டதற்கு, "குடும்பமே படிக்கப் போகுது, எழுதிக்குங்க" என்றதும் நீங்கள்தான். பஸ் நிலையத்திலிருந்து துறைமுக அலுவலகம் நடக்கும் தூரம்தான். நீல நிற வாயில், இரண்டாம் மாடி. உள்ளே ஷூவைக் கழற்ற வேண்டாம். டீசல்தான் உசத்தி என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள்; அங்கே இருப்பவர்கள் எல்லோரும் டர்பைன்காரர்கள்.

சித்திக்கு என் வணக்கத்தையும், தம்பிக்கு என் முத்தத்தையும், உங்கள் கண்டக்டர் அண்ணனுக்கு என் விசாரிப்பையும் தெரிவியுங்கள். உங்கள் வண்டி எந்நாளும் பிரேக் பிடிக்கட்டும், முன்னால் போகும் லாரி வழிவிடட்டும். உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,

அண்ணன் மகள்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டேன் என்று மேலே எழுதியது பொய், ஒட்டுமுன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். படித்ததும் திங்கட்கிழமை எப்படி நடக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் வருவீர்கள். கதவைத் திறந்ததுமே, "பல்லு யாருதுன்னு கேளுங்கய்யா!" என்பீர்கள். என் வேலை நிச்சயம் நிலைக்கும். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன், பள்ளிக்கூடத்தில் நின்ற அதே இடத்தில். சித்தப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து வராதீர்கள். ஹேர்பினை மறைத்தது நான் என்று முதலில் நானே சொல்லப் போகிறேன். உள்ளே ஒரு பொருள் கிடந்தது, நான்தான் எடுத்தேன், இல்லை என்று தலையாட்டியதும் நான்தான் என்று அடுத்தாற்போல் சொல்வேன். பிறகு அரை நிமிடம் பேசாமல் இருப்பேன், அங்கே உட்கார்ந்திருக்கும் சீஃப் பேசுவதற்காக. அவர் பேசிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். பேசாவிட்டால் யாருடையது என்பதையும் நானே சொல்வேன், மெதுவாக. நீங்கள் வருவதாக இருந்தும், மூன்று நாளாகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அதற்கு மேல் கேட்கும்படி சொல்லிப் பார்த்திருக்கிறேன்; நேற்று பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள். அதனால் ஞாயிறு வண்டிக்கு எடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு உதவி. நீங்கள் வரப்போவதில்லை என்பதை அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவ்வளவு தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.